தேங்காய்ப்பால் தரலாமா? எந்தத் தேங்காய்ப்பால்?

உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு மூன்றாம் நிலை, ரத்தப் பொட்டாசியம் 5.4, அதாவது இயல்பைவிடச் சற்று அதிகம்; பசும்பாலைக் குறைக்கச் சொன்னதால் தினமும் ஒரு டம்ளர் தேங்காய்ப்பால் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழிந்து எடுக்கும் கெட்டிப் பால் என்றால் வேண்டாம் என்பேன்.

240 மில்லி கெட்டிப் பாலில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் ஏறக்குறைய 350தான். சிறுநீரகப் பாதிப்பில் கவனிக்க வேண்டிய இன்னொரு தாதுவான பாஸ்பரஸ் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பாலை நிறுத்திவிட்டு இதைக் கொடுத்தால், எதைக் குறைக்க நினைத்தீர்களோ அதுவே கூடும். நிறைவுற்ற கொழுப்பு வேறு 50 கிராம் அளவுக்கு ஏறும்.

அட்டைப்பெட்டியில் வரும் 'தேங்காய்ப்பால் பானம்' வேறு சரக்கு. பெரும்பகுதி தண்ணீர், பொட்டாசியமும் பொதுவாகக் குறைவு. ஆனால் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் 'ட்ரைகால்சியம் பாஸ்பேட்', 'டைபொட்டாசியம் பாஸ்பேட்' என்று இருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தாவர உணவில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவுகூட உடலில் சேராமல் போகலாம். இப்படிக் கலக்கும் பாஸ்பேட் உப்போ பெரும்பாலும் ரத்தத்துக்குள் போய்விடும். (இந்த எழுத்துக்காகவே நான் கடைக்குக் கண்ணாடியோடு போகிறேன்.)

குழம்பில் இரண்டு மேசைக்கரண்டி விடுவதற்கு அவ்வளவு பயம் வேண்டாம், பொட்டாசியம் 80 மில்லிகிராம்தான் வரும். இளநீரைத் தேங்காய்ப்பாலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், 5.4 இருக்கும்போது அது கூடாது.

அம்மாவுக்கு நீர் அளவுக் கட்டுப்பாடு இருந்தால் இந்தப் பானமும் அந்தக் கணக்கில் சேரும். பெட்டியின் பின்புறத்தைப் படம் எடுத்து உணவியல் நிபுணரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.