டயாலிசிஸ் நேரத்தைக் குறைக்கிறார்கள், கேட்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, விசைத்தறித் தொழிலாளி. சிறுநீரகம் செயலிழந்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எட்டு மாதங்களாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் காத்திருப்பதாகச் சொல்லி மூன்று மணி நேரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு மயக்கம் வருகிறது. கேட்டால் இடம் போய்விடுமோ என்று பயம். என் ரத்த வகை அவருக்குச் சேரவில்லை. மருத்துவமனை வாசலில் ஒருவர், உறவினர் என்று காகிதம் தயாரித்துச் சிறுநீரகம் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: அம்மா, தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். டயாலிசிஸ் நேரம் என்பது மாத்திரையின் அளவைப் போல மருத்துவர் எழுதித் தருவதே ஒழிய, நிலையத்தார் மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை அன்று. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பதே வழக்கமான அளவு. தொடக்கம் முதலே இப்படிக் குறைத்திருந்தால், உங்கள் கணவர் இதுவரை ஏறத்தாழ நூறு மணி நேரச் சிகிச்சையை இழந்திருக்கிறார்.

கால் இழுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். உடம்பில் சேர்ந்த மூன்று லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 750 மில்லி. மூன்று மணி நேரத்தில் எடுத்தால் 1,000 மில்லி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 780 மில்லியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டும்போது ரத்த அழுத்தம் இறங்கி, தசை பிடித்து, மயக்கம் வருகிறது. வீட்டில் உப்பைக் குறைத்தால் தாகமும் குறைந்து, எடுக்க வேண்டிய நீரும் குறையும்.

டெக்னீஷியனிடம் சண்டையிட வேண்டாம். ஷிப்டுகளை நெருக்கி அமைத்தவர் அவர் அல்லர். ஒரு நோட்டில் இயந்திரம் ஓடத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், முன்னும் பின்னும் எடுத்த எடை ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்து, சிறுநீரக மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். பலன் இல்லையென்றால் அங்குள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடமும், 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணிலும் புகார் சொல்லுங்கள். ஒரு முறைக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக்குப் பணம் தந்துவிட்டு, எத்தனை மணி நேரம் நடந்தது என்று யாரும் பார்க்காத முறையால் வரும் கேடு இது. அதைச் சுட்டிக்காட்டும் வேலை நோயாளியின் மனைவி தலையில் விழுவது எனக்குப் பெருங்கோபத்தைத் தருகிறது.

அந்த வாசல் மனிதரிடம் இனி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். ஆதார் நகலோ ரத்தப் பரிசோதனைச் சீட்டோ கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி விற்பவர், தரகர், பணம் கொடுத்து வாங்குபவர் ஆகிய எல்லோரும் குற்றவாளிகளே; ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்களுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்த சிறுநீரக வணிகம் 2025இல் அம்பலமானதை அறிந்திருப்பீர்கள். அங்கே சிறுநீரகத்தை இழந்தவர்கள் உங்கள் கணவரைப் போன்ற தறித் தொழிலாளர்களே. இறந்தவர்கள் தானமாகத் தரும் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் முன்னே நகர்த்துவதாகச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பதிவு மருத்துவமனை வழியாகவே நடக்கிறது, இடையில் ஆளுக்கு வேலையில்லை.

ரத்த வகை சேராத தம்பதிக்குச் சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறது. பலரும் இதைச் சொல்லாமல் விடுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு பி வகை, கணவருக்கு ஏ வகை என்று வைத்துக்கொள்வோம். வேறொரு குடும்பத்தில் கணவருக்கு பி, மனைவிக்கு ஏ. நீங்கள் அந்தக் கணவருக்கும், அந்தப் பெண் உங்கள் கணவருக்கும் தரலாம். 2011இல் திருத்தப்பட்ட சட்டம் இந்தப் பரிமாற்றத்தை அனுமதிக்கிறது. ஆனால் கொடுக்கும் இருவரும் தத்தம் நோயாளிக்குச் சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வருவர். உங்கள் தம்பி, அவருக்கு மைத்துனர்தான் என்றாலும், வரமாட்டார். பணம் கைமாறக் கூடாது, உறுப்புத் தானத்தைப் பரிசீலித்து அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் ஒப்புதலும் தேவை. மாற்று அறுவைக்கு உரிமம் பெற்ற மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டு, இந்தப் பரிமாற்றத்துக்கென்று உங்கள் இருவர் பெயரையும் பதியச் சொல்லுங்கள்.