சக்கர நாற்காலி வாள்வீச்சில் நாற்காலி நகராதா?

கடலூர் முதுநகரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நகராது. இரண்டு நாற்காலிகளையும் உலோகச் சட்டத்தில் பூட்டிவிடுவார்கள், நடுத்தண்டுக்கு 110 டிகிரி கோணத்தில். பின்வாங்கி ஓட வழியில்லை. உடம்பை வளைத்து விலகுவதும், வாளால் தட்டிவிடுவதும்தான் தற்காப்பு. இருக்கையைவிட்டு எழுந்தால் தவறு. அதனாலேயே நின்று ஆடுவதைவிட இதில் விறுவிறுப்பு அதிகம் என்பேன். இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கை நீளம் குறைந்தவர்தான் முடிவுசெய்வார். நியாயம்தானே!

ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வாள் வகைகளும் உண்டு. எப்பேயில் இடுப்புக்கு மேல் எங்கே பட்டாலும் புள்ளி. ஃபாயிலில் உடற்பகுதி மட்டும். 1960 ரோம் பாராலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு. இத்தாலியின் பெபே வியோ முன்கைகளும் கால்களும் இழந்தவர். 2016 ரியோவிலும் அடுத்து டோக்கியோவிலும் ஃபாயிலில் தங்கம் வென்றார்.