எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த மகனை எஸ்.எல்.டி.என். (கம்பெனியிலும் வகுப்பிலுமாக நடக்கும் தேசியத் தொழிற்பயிற்சி) பயிற்சிக்கு அனுப்பலாமா? கம்பெனியில் உண்மையாகவே வேலை கற்றுக்கொடுப்பார்களா?

ரிசல்ட் சுமாராக வந்திருக்கும், வீட்டில் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். அனுப்பலாம். நானே அந்த வழியில் வந்தவன்தான்.

2005-ல் மலேசிய அரசு ஜெர்மனியின் முறையைப் பார்த்துக் கொண்டுவந்த திட்டம் இது. 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி கம்பெனியில், மீதிதான் வகுப்பில். அதனால் பையன் யாரிடம் போய்ச் சேர்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் என்னை எடுத்த தொழிற்சாலையில் முதல் மூன்று மாதம் பெட்டிதான் கட்டினேன். பயிற்சியைப் பதியும் லாக்புக்கிலோ, உலோகம் செதுக்கும் மில்லிங் மிஷின் ஓட்டியதாக சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அலவன்ஸை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து நான் வாய் திறக்கவில்லை. இரவு ஷிப்டில் இருந்த சீன அங்கிள் ஒருவர்தான் ஒருநாள் தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தார். நான் இறுக்கித் திருகினேன். "ஜாங்ஙான் தெக்கான்" (அழுத்தாதே) என்று மலாயில் சொல்லித் தடுத்து, நுனியில் இருக்கும் ராட்செட் என்ற சின்னத் திருகை மட்டும் திருப்பிக் காட்டினார். டிக், டிக், டிக். மூன்று சத்தம், அதோடு நிறுத்த வேண்டும். அதே அலுமினியத் துண்டு என் கையில் 12.47, அவர் கையில் 12.50. அந்த 0.03 மில்லிமீட்டரில் நல்ல துண்டும் கழிவுக்குப் போய்விடும். அப்புறம் தினமும் ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் அவரோடு நிற்பேன். எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) லெவல் 3 எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஒரு கம்பெனியை வைத்து எல்லாரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கம்பெனிகளே முன்னின்று நடத்தும் பி.எஸ்.டி.சி. (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்) 1989-லிருந்து இதே பினாங்கில்தான் இருக்கிறது. நல்ல இடங்கள் உண்டு.

எனக்கு ஆறாதது வேறு. எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் வருடாவருடம் கல்வி விருது கொடுப்பார்கள். நிறைய 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கு மாலை, கவர் எல்லாம் உண்டு. அம்மா என் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார். "இது படிச்ச பிள்ளைகளுக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்த மடிப்பு இன்னும் சான்றிதழில் இருக்கிறது.

சரி, உங்கள் மகன் விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நீங்களும் கம்பெனிக்குப் போங்கள். கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார், எந்த மிஷினில் என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். லாக்புக்கை வாரம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். செய்யாத வேலைக்குக் கையெழுத்து இருந்தால் அன்றே பயிற்சி மையத்தில் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.