பையன் கூரையைப் பார்த்தால் பார்க்கட்டும்

(வகுப்பறை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் தருகிறார். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் பார்வை பற்றியவை.)

கேள்வி: பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்காக ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கவனிக்க வரும் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் என் நோட்டில் 'மாணவர்களைப் பார்ப்பது போதாது' என்று எழுதுகிறார். ஐம்பது பேர் கண்ணையும் எப்படிம்மா பார்ப்பது? பார்த்தால் அடுத்த வரி மறந்துபோகிறது.
– பயிற்சி ஆசிரியை, வாடிப்பட்டி

பதில்: ஐம்பது பேரையும் பார்க்க வேண்டாம்மா. ஒரு பீரியடில் அது நடக்கவும் நடக்காது. ஆனால் யாரைப் பார்க்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் முடிவாகிவிடுகிறது, அங்கேதான் சிக்கல். ஆடம்ஸ், பிடில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுப்புகளைப் படம்பிடித்துப் பார்த்து 1970-ல் ஒரு விஷயம் சொன்னார்கள். டீச்சரோடு நடக்கிற கேள்வியும் பதிலும் பெரும்பாலும் முன்வரிசையிலும், அங்கிருந்து நடுவில் நேராகப் பின்னால் போகிற இடங்களிலுமே நின்றுவிடுகிறதாம். நம் ஊரில் ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் என்று உட்கார வைப்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். புதிதாக வரும் டீச்சர்கள் பெண்பிள்ளைகள் பக்கமே திரும்பி நின்று பாடத்தை முடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கச் சுவரோரம் இருக்கிற பையன்கள் அந்த நேரத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்.

அதற்காக டேபிள் ஃபேன் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தலையைச் சுழற்றாதீர்கள். ஒரு வாக்கியத்தை ஒரு பெஞ்சிடம் சொல்லி முடியுங்கள். அடுத்த வாக்கியத்துக்கு வேறு பெஞ்ச். கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தால் குரலும் தானாக உயரும்.

கணக்கு டீச்சருக்கு முதுகுதான் எதிரி. முழுக் கணக்கையும் போர்டில் போட்டுவிட்டுத் திரும்பினால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது, எல்லாரும் எழுதி முடித்திருப்பார்கள். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். நடு உறுப்பைப் பிரிக்கிற வரி வரும் இல்லையா, அதை எழுதுவதற்கு முன்னால் சாக்பீஸை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். அப்போது முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள். ஒரு கையில் பேனா நின்றுபோயிருக்கும். ஒரு கழுத்து பக்கத்து நோட்டுக்கு நீளும். ஒரு பிள்ளை உதட்டுக்குள்ளேயே பெருக்கிக்கொண்டிருக்கும், அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. ரொம்ப வேகமாகத் தலையாட்டுகிறவனை மட்டும் நம்பாதீர்கள். உங்களைச் சீக்கிரம் அடுத்த பெஞ்சுக்கு அனுப்பி வைக்கத்தான் அந்தத் தலையாட்டல்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்கர் அமைதியாக நடக்கிற வகுப்புகளையும் கலவரமான வகுப்புகளையும் ஒப்பிட்டு அதே 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார். சத்தம் கிளம்பிய பிறகு டீச்சர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று டீச்சருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்திருக்க வேண்டும், அதுதான் வித்தியாசம். எதிரே இருக்கிறவர்களைத் தெரிந்துகொள்ளத்தான் நாம் பார்க்கிறோம். அவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா என்று கணக்கெடுப்பதற்கு இல்லை.

வரி மறந்துபோவது இயல்பு. முகத்தைப் பார்ப்பதே மூளைக்கு ஒரு வேலை. யோசிக்கிறபோது போர்டைப் பாருங்கள், சொல்லி முடித்ததும் பிள்ளைகளைப் பாருங்கள். நோட்டில் எழுதுகிறவர் எழுதட்டும்.

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு. கேள்வி கேட்டால் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். "கூரையிலயா எழுதியிருக்கு? என்னையப் பாத்துச் சொல்லு" என்று அவன் மிஸ் அதட்டுகிறாராம். பழக்கத்தை மாற்றணுமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: மாற்ற வேண்டாம். வேண்டுமானால் இன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரரை எதிரில் உட்கார வைத்து, அவர் கண்ணை விட்டு விலகாமல் 17-ஐ 14-ஆல் மனசுக்குள் பெருக்கிப் பாருங்கள். 238 வருவதற்குள் உங்கள் கண் கூரைக்கோ தரைக்கோ போயிருக்கும்.

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் டோஹர்ட்டி-ஸ்னெடன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கேள்வி கடினமாக ஆக ஆகப் பிள்ளைகள் பார்வையை விலக்குவது கூடுகிறது. 2006-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், யோசிக்கிறபோது வேறு பக்கம் பார்க்கச் சொல்லிப் பழக்கிய ஐந்து வயதுப் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகவே பதில் சொன்னார்கள். அண்ணாந்து பார்க்கிறான் என்றால் தம்பி வேலை செய்கிறான் என்று அர்த்தம்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "யோசிக்க ஒரு மூணு விநாடி கொடுங்க மிஸ்" என்று மட்டும் கேளுங்கள். கேள்வி கேட்டுவிட்டு டீச்சர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை எழுபதுகளிலேயே அளந்து சொன்னார். அதை மூன்றாக்கினாலே பதில்கள் நீளமாகவும் சரியாகவும் வந்தன. எங்களுக்கு அந்த மூன்று விநாடி மூன்று நிமிஷமாகத் தெரியும், அதுதான் கஷ்டம்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன். சார் திட்டும்போது குனிந்து நின்றால் "மூஞ்சியப் பாருடா" என்கிறார். பார்த்தால் "என்னடா மொறைக்கிற?" என்கிறார். எங்கே பார்ப்பது?
– மாணவன், மேலூர்

பதில்: அவர் மூக்கும் புருவமும் சேர்கிற இடத்தைப் பார் தம்பி, வாயைத் திறக்காதே. உனக்கு அவ்வளவுதான்.

மீதி உன் சாருக்கு. நம் பக்கத்தில் பெரியவர்கள் திட்டும்போது தலைகுனிவதுதான் மரியாதை என்று வீட்டில் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதே குனிந்த தலை திமிராகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் பையன் எங்கே போவான்? ஆர்கைல், டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1965-லேயே காட்டியிருக்கிறார்கள்: இரண்டு பேர் நெருங்கி நிற்க நிற்க, ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது குறையும். முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டு "பாரு" என்றால் எவனாலும் முடியாது. அதிலும் எதிர்ப்பக்கம் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது பதினாறு வயசுப் பையனை நிற்க வைத்துக் கேட்பது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பக்கவாட்டில் நின்று பேசினால் பாதிப் பிரச்சினை இருக்காது.

கேள்வி: 2025 ஜூலையில் பள்ளிக் கல்வித்துறை வகுப்பில் 'ப' வடிவத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தார்கள். அப்படி உட்கார வைத்தால் எல்லார் முகமும் தெரியும்தானே?
– தலைமையாசிரியர், அலங்காநல்லூர் பக்கம்

பதில்: இருபது பிள்ளை என்றால் தெரியும் சார், நன்றாகவே தெரியும். நாற்பதைத் தாண்டினால் அறை கொள்ளாது. 'ப'வின் இரண்டு பக்கங்களிலும் இருக்கிறவர்கள் போர்டுக்காக நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்கப் பள்ளி டீச்சர்கள் பாயில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். சுவரில் தாழ்வாக ஒரு கரும்பலகை ஓடும். முட்டி வலி பற்றிப் புலம்பாத டீச்சர் இல்லை. ஆனால் டீச்சர் கண்ணும் பிள்ளை கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தது அப்போதுதான்.

கேள்வி: மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிப்பதுபோல ஆசிரியர் பார்வையாலேயே மாணவனை உருவாக்குவார் என்று ஆசிரியர் தின விழாவில் பேசினார்களே, உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: மீன் அப்படிப் பொரிப்பதில்லை. மீனாட்சிக்கு வேண்டுமானால் பார்வை போதும். எனக்குப் பரீட்சைப் பேப்பர் கட்டுக்கட்டாகத் திருத்த வேண்டியிருந்தது.

கேள்வி: என் மகளுக்கு ஆட்டிசம். கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்பதுபோல் வகுப்பில் நடத்துகிறார்கள்.
– ஒரு தாய், ஆனையூர்

பதில்: கட்டாயப்படுத்தவே கூடாது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், கண்ணைப் பார்க்கச் சொன்னால் சொல்வது காதில் ஏறாது, உடம்பே பதறுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கவனிக்கிறாளா என்று தெரிய வேண்டுமானால், சொன்னதைத் திருப்பிச் சொல்லவோ விரலால் தொட்டுக் காட்டவோ சொல்லலாம். இதை ஒரு தாளில் எழுதி டீச்சர் கையில் கொடுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் ஒரு பெண் போர்டைப் பார்க்கச் சொன்னால் கண்ணைச் சுருக்கி என்னையே கேலியாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். அப்புறம் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். கண்டிக்கலாமா?
– ஆசிரியை, செக்கானூரணி

பதில்: கண்டிக்காதீர்கள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் கண்ணை இடுக்கினால் தூரத்து எழுத்து கொஞ்சம் தெளியும், அதனால் இடுக்குகிறார்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்துப் பாருங்கள், அப்புறம் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளியிலேயே நடக்கிற கண் பரிசோதனையில் கேட்டுப் பாருங்கள். மதுரைக்கு வர முடிந்தால் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் அதே மாதிரி பார்த்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது யோசிப்போம்.