ஹோயா பூக்கவில்லையா? முதலில் கத்தரிக்கோலை உள்ளே வையுங்கள்

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஹோயா கொடி வாங்கினேன். போன வைகாசியில் ஒரே ஒரு கொத்து பூத்தது. அதோடு சரி. மல்லிகைக்குச் செய்வது போலவே கார்த்திகையில் கவாத்து செய்து, பெரிய தொட்டிக்கும் மாற்றினேன். இப்போது இலையே இல்லாமல் கொடி நீள்கிறது. நர்சரியில் பூ டானிக் ஊற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா? கூடவே வாங்கிய இதய இலை ஹோயாவும் இரண்டு வருடமாக ஒற்றை இலையாகவே நிற்கிறது. பால்கனி கிழக்குப் பார்த்தது. (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: டானிக் வேண்டாம் அம்மா. உங்கள் கொடிக்குச் சத்துக் குறைவு எதுவும் இல்லை. பூ வர வேண்டிய இடத்தை நீங்களே வெட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மல்லிகை புதுத் துளிரில் பூக்கும் செடி. அதனால் கவாத்து செய்தால் பூ கூடும். நம் ஊரில் பூச்செடி வளர்க்கும் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஹோயா நேர் எதிர். ஒரு கொத்து பூத்து உதிர்ந்ததும் குட்டையாக ஒரு மொட்டைக் காம்பு மிஞ்சும். பார்த்தால் காய்ந்த குச்சி மாதிரிதான் இருக்கும். அடுத்த முறை அதே காம்பின் நுனியில்தான் மொட்டு வரும், அதற்கடுத்த முறையும் அங்கேயேதான். பழைய கொடிகளில் இந்தக் காம்பு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, மேலெல்லாம் தழும்பு தழும்பாக இருக்கும். பூவைக் காம்போடு கிள்ளிச் சாமிக்கு வைத்தாலும் இதே நஷ்டம்தான்.

இலையில்லாமல் நீள்கிறதே என்ற கவலையும் வேண்டாம். பற்றிக்கொள்ள இடம் தேடி முதலில் வெறும் தண்டு ஓடும். பிடி கிடைத்த பிறகு இலை வைக்கும். வெட்டாமல், கம்பியிலோ சணல் கயிற்றிலோ சுற்றி விடுங்கள்.

அடுத்தது தொட்டி. ஹோயா தரையில் வேர்விட்டு வளர்கிற செடி அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மரத்தைப் பற்றி ஏறும் ஹோயா இனங்கள் உண்டு. மரப்பட்டை இடுக்கில் இருக்கும் கொஞ்சம் மக்கும் நிறையக் காற்றுமே அந்த வேருக்குப் பழக்கம். அதைப் பெரிய தொட்டியில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி வைத்தால் ஈரம் காயாமல் வேர் அழுகும். செடியை எடுத்து, வேர் கொள்ளும் அளவு சிறிய தொட்டிக்கு, ஐந்து ஆறு அங்குலம் போதும், மாற்றுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி, உடைத்த செங்கல், ஒரு கைப்பிடி மண்புழு உரம் இருந்தால் போதும். தண்ணீர் ஊற்றும் முன் முதிர்ந்த இலை ஒன்றை மெல்ல மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் ஊற்ற வேண்டாம், துவண்டு வளைந்தால் ஊற்றுங்கள்.

கிழக்கு பால்கனி அருமையான இடம். ‘இண்டோர் பிளான்ட், வெளிச்சமே வேண்டாம்’ என்று சொல்லி விற்பவர்களை நம்பி அதை ஹாலுக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். இருட்டில் இலை பச்சையாகவே இருக்கும், ஆனால் பூ வராது.

இந்த டானிக் விவகாரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. உரங்களுக்கு 1985-லிருந்தே உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. 2021-ல் உயிரூக்கிகளையும், அதாவது செடியின் வளர்ச்சியைத் தூண்டுவதற்காக விற்கும் டானிக் வகைகளையும், அதற்குள் கொண்டுவந்தார்கள். இருந்தும், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற ஒரு வரிகூட இல்லாத பாட்டில்கள் நர்சரி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பூவின் படம் மட்டும் பளபளப்பாக இருக்கும். யார் வந்து சோதிக்கிறார்கள்? லேபிளில் பொருளும் அளவும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். ஆன்லைனில் நீல நிற ஹோயா விதை என்று விற்பதும் அப்பட்டமான ஏமாற்று. பளீர் நீலத்தில் ஹோயாவே கிடையாது. நிஜ ஹோயா விதையும் பறித்த சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும், அதைப் பாக்கெட்டில் அடைத்து மாதக்கணக்கில் விற்க முடியாது.

இனி அந்த இதய இலை. அது ஹோயா கெர்ரி. தாய்லாந்துப் பக்கத்துக் கொடி. முழுக்கொடியாக வளர்ந்தால் சுவர் முழுக்க ஏறும். ஆனால் காதலர் தினத்துக்குக் குட்டித் தொட்டியில் நட்டு விற்பது பெரும்பாலும் வெறும் இலை. இலைக்கு வேர் வரும், வருடக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும், ஆனால் துளிர் வராது. துளிர் வர வேண்டுமானால் கணு வேண்டும், அது தண்டில்தான் இருக்கும்.

ஆனால் எல்லா ஒற்றை இலையும் வீண் அல்ல. இதை மட்டும் பொறுமையாகப் பார்த்துவிடுங்கள். மண்ணை விரலால் மெல்ல விலக்கி, இலைக்காம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். காம்பு தனியாக முடிந்து அதிலிருந்தே வேர் கிளம்பியிருந்தால் நம்பிக்கை வேண்டாம். காம்புக்கு அடியில் குறுக்காக ஒரு சிறு தண்டுத் துண்டு, அரை அங்குலம் இருந்தாலும், ஒட்டிக்கொண்டிருந்தால் அது கணு. அந்த மூலையிலிருந்து ஒருநாள் துளிர் வரும். ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். என்னிடம் இருந்த ஒன்று பத்தொன்பது மாதம் அசையாமல் நின்று, பிறகு முளைவிட்டது. எனவே கணு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். துண்டு பழுப்பேறி மெத்தென்று அமுங்கினால் மட்டும் அது செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூக்கும் கொடிக்கு வருவோம். கார்த்திகையில் வெட்டியதால் இந்த வருடம் பூக்காமலே போகலாம். புதுக்கொடி முற்ற வேண்டும். அப்புறம் மொட்டு தெரிந்ததும் தொட்டியை நகர்த்தவோ திருப்பவோ செய்யாதீர்கள், வேரைக் காய விடவும் வேண்டாம். இரண்டிலும் மொட்டு உதிரும். பூத்து முடிந்த ஒவ்வொரு காம்பிலும் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். பால்கனி கூட்ட வருபவர்கள் காய்ந்த குச்சி என்று நினைத்துக் கிள்ளாமல் இருப்பார்கள்.