சீஸ் பண்ணி எடுத்துப்போன காரில் சேதம்: செலவை யார் தர வேண்டும்?

கேள்வி: தங்கச்சிமடம். மூன்று டியூ நின்றுபோனதால் காரை டோ போட்டு, பிடித்த வண்டிகளை நிறுத்தும் ராமநாதபுரம் யார்டுக்குக் கொண்டுபோனார்கள். பாக்கியைக் கட்டி எடுத்து வந்தால் முன் பம்பர் கிழிந்திருக்கிறது, ஸ்டீயரிங் லாக் உடைந்திருக்கிறது, ஆட்டோமேட்டிக் கியர் உதறுகிறது. "ஏஜென்சியிடம் கேளுங்கள்" என்கிறது ஃபைனான்ஸ் கம்பெனி. யார் பொறுப்பு?

பதில்:

கம்பெனிதான் பொறுப்பு. வண்டியை எடுத்த வசூல் ஏஜென்சியை அமர்த்தியது அவர்கள், நீங்கள் அல்ல. வசூல் வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும் அந்த ஆள் செய்வதற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2022 ஆகஸ்டில் அதை மறுபடியும் சுற்றறிக்கையாகச் சொன்னார்கள். டியூ நின்றால் வண்டியை எடுக்க ஒப்பந்தம் உரிமை தரலாம். உடைக்க உரிமை தராது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. டோ வண்டியில் ஏறியது முதல் சாவி உங்கள் கைக்கு வரும்வரை அந்தக் கடமை அவர்கள் தலையில்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் பலர் தோற்பது ஆதாரத்தில். "எடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்பார்கள். அதனால் முதலில், அவர்கள் வண்டியைப் பிடித்தபோது எழுதிய இன்வென்டரி ஷீட்டையும் யார்டில் நுழைந்தபோது எழுதிய ஷீட்டையும் எழுத்தில் கேளுங்கள். ஓடோமீட்டர் அளவு, கீறல், டயர், பேட்டரி, ஸ்டெப்னி, உள்ளே இருந்த சாமான் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஷீட்டே இல்லை என்றால் அது அவர்களுக்குத்தான் பலவீனம். உங்கள் பக்கத்தில் கடைசி சர்வீஸ் ஜாப் கார்டு, இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது எடுத்த படம், தேதியுள்ள போன் படங்கள், தெருவிலுள்ள கடை கேமரா பதிவு ஆகியவை உதவும். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதை இன்றே கேளுங்கள். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பாம்பன் பாலத்தை விட்டால் ரோடு கிடையாது, தூரமும் 50 கிலோமீட்டருக்குள்தான். ஓடோமீட்டரில் அதைவிட அதிகம் ஏறியிருந்தால் வண்டியை யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கேஸில் பெரிய பணம் கியர்பாக்ஸில்தான் இருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் ஆட்டோமேட்டிக் காரை முன்பக்கம் தூக்கித்தான் இழுக்க வேண்டும், அல்லது முழு வண்டியையும் பிளாட்பெட்டில் ஏற்ற வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரம் உருள இழுத்தால், இன்ஜின் ஓடாததால் ஆயில் பம்பும் ஓடாது. உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் சுற்றித் தேயும். கியர் போட்டதும் தாமதித்துப் பிடிப்பது, உதறல், ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடிப்பது இவையெல்லாம் அதன் அடையாளம். ஹேண்ட்பிரேக்கை விடாமல் இழுத்திருந்தால் பின் டயர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், அதையும் பாருங்கள். எதையும் பிரிப்பதற்கு முன்னால் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் ரிப்போர்ட்டும், "இழுத்துச் சென்றதால் வரக்கூடிய சேதமா" என்பதற்கு எழுத்தில் ஒரு கருத்தும் வாங்குங்கள். ரிப்பேர் செய்துவிட்டுக் கேட்டால் பாதி பலம் போய்விடும்.

பாடியில் தகரம் தெரியும் கீறல் இருந்தால் உடனே கிட்டத்தில் படம் எடுங்கள். நம் கடற்காற்றில் திறந்த தகரம் சில நாளிலேயே சிவந்துவிடும். மீட்ட அன்று பளபளவென்று இருக்கும் கீறல் பழையதாக இருக்க முடியாது. பம்பர் பிளாஸ்டிக், அதற்கு இந்தச் சோதனை உதவாது.

ரிலீஸ் பேப்பரில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்ததா? கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழி அடைபடவில்லை, ஆனால் இன்றைக்கே படங்களோடு கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். இனி வண்டியை மீட்கப்போகிறவர்கள் அந்த வரிக்குக் கீழே சேதத்தைத் தங்கள் கையால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பிறகு இரண்டு இடத்தில் எஸ்டிமேட் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், உதவிக்கு 14448. அடுத்தது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருடக் கெடு. ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். மீன் வண்டிக்காரர்களும் இதில் வரலாம்: சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான். பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கு அது கடினம்.

போலீஸ்? ஏஜென்ட் மிரட்டினார், அடித்தார், வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்தார் என்றால் கட்டாயம் புகார் கொடுங்கள். குண்டர்களை வைத்து வண்டி பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. கவனக்குறைவாக இழுத்ததற்கு ஸ்டேஷனுக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள்.

மீட்காமல் ஏலம் போன வண்டிக்கும் இது பொருந்தும். யார்டில் கெட்டதால் விலை குறைந்து, மீதிப் பணத்தை உங்களிடம் கேட்டால் அந்தக் குறைவை எதிர்த்து எழுதுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சேதச் செலவை நீங்களாகவே டியூவில் கழிக்காதீர்கள். அவர்கள் கணக்கில் அது மறுபடியும் தவணை தவறியதாகத்தான் பதியும், சிபில் ஸ்கோர் அடிபடும், வண்டியை மறுபடி எடுக்கவும் காரணம் கிடைத்துவிடும். டியூவை முழுதாகக் கட்டி, நஷ்டத்தைத் தனியாகக் கேளுங்கள்.