மூலம் என்று நினைத்தேன், மரு என்கிறார் டாக்டர்

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் திருநெல்வேலிப் பக்கம், மும்பை தாராவியில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கிறேன். ஆசனவாய் ஓரத்தில் சின்னச் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. மூலம் என்று இரண்டு மாதம் களிம்பு தடவினேன், கொத்தாகிவிட்டது. டாக்டர், உடலுறவால் வரும் மரு என்கிறார். ஒரு வருடமாக ஒரே ஒருவரோடுதான் உறவு, அவரும் ஆண். அவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? புற்றுநோய் ஆகுமா? அறையில் இருப்பவர்களுக்கு ஒட்டுமா?

பதில்: தம்பி, அந்தக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். மூலம் என்பது ரத்தக்குழாய் வீங்குவது. உங்களுக்கு வந்திருப்பது ஹெச்.பி.வி என்ற வைரஸால், அதுவும் பெரும்பாலும் அதன் 6, 11 ஆகிய வகைகளால் வருகிற மரு. புற்றுநோய்க்குக் காரணமாவது 16, 18 போன்ற வேறு வகைகள். ஒருவருக்கே இரண்டு விதமும் இருக்கலாம் என்பதால், புண்ணாகி ரத்தம் வந்தாலோ கெட்டிப்பட்டாலோ உடனே காட்ட வேண்டும்.

ஏமாற்றினாரா என்று கேட்டீர்களே, அதை இந்த மருவை வைத்துச் சொல்லவே முடியாது. வைரஸ் உள்ளே போய் மரு வெளியே தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வருடக்கணக்கில்கூட ஆகும், அதனால் உங்களில் ஒருவருக்கு இந்த உறவுக்கு முன்பே இருந்திருக்கலாம், அது அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லும் பரிசோதனை கிடையாது. சண்டை போடாமல் விஷயத்தைச் சொல்லி அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மரு போகும்வரை உறவு வேண்டாம். அப்புறமும் ஆணுறை அவசியம், ஆனால் அது மூடாத தோல் வழியாகவும் தொற்றும் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

சிகிச்சைக்கு வருவோம். வெளியில் மட்டும் இருந்தால் இமிக்விமோட் கிரீம் எழுதித் தருவார்கள், வாரம் மூன்று இரவு, 16 வாரம்வரை, காலையில் கழுவிவிட வேண்டும். கிரீமுக்குப் பதிலாகத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள், அல்லது மின்சாரத்தால் சுட்டு எடுப்பார்கள். உள்ளேயும் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சத்தில் இதை விட்டுவிடாதீர்கள், உள்ளே இருப்பதற்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஊரில் மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பார்கள், குதிரை முடி கட்டுவார்கள், கால் ஆணிக்கு ஆசிட் மருந்து விற்பார்கள், இதில் எதுவும் அந்த இடத்தில் படவே கூடாது, தோல் வெந்துவிடும். எடுத்த பிறகு முதல் மூன்று மாதத்தில் திரும்ப முளைப்பது சகஜம். அப்படி வந்தால் சிகிச்சை தோற்றது என்றோ அவர் மறுபடி எங்கோ போனார் என்றோ நினைக்க வேண்டாம், வைரஸ் தோலில் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

அறை நண்பர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதாலோ பொதுக் கழிப்பறையாலோ இது பரவுவதில்லை. துண்டு, ரேஸர் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடலுறவால் பரவும் ஹெச்.ஐ.வி, சிஃபிலிஸ் நோய்களுக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனைகளில் ஐ.சி.டி.சி என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்தில் ஹெச்.ஐ.வி பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். எங்கே போவது என்று 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைத்தால் சொல்வார்கள். 26 வயதுவரை ஆண்களும் ஹெச்.பி.வி தடுப்பூசி போடலாம், புனேயில் தயாராகும் செர்வாவேக்கில் 6, 11, 16, 18 நான்கு வகைக்கும் பாதுகாப்பு உண்டு, உங்கள் வயதுக்கு மூன்று ஊசி. இப்போதுள்ள மருவை அது போக்காது. இன்னும் தொற்றாத வகைகளைத் தடுக்கும், அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேளுங்கள்.